கீரிக்குக் கொடுத்த முட்டை

தம்பி,

போன சனிக்கிழமை காலை உன் மகள் எனக்குப் போன் எடுத்தாள். நான் சந்தைக்குப் போய் வெண்டிக்காயும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டு வந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அப்பப்பா, அப்பாவுக்கு ஏதும் வருத்தமோ?" என்று கேட்டாள். இல்லையே, ஏன் பிள்ளை என்றேன். "மூண்டு சனிக்கிழமையா அவர் என்னைப் பாக்க வரேல்லை. போனும் எடுக்கேல்லை. ஹோட்டல்ல வேலை கூட எண்டு அம்மாவுக்கு மெசேஜ் மட்டும் வருது. உங்களோட கதைச்சவரோ?" என் பேத்தி, ஏழு வயதுப் பிள்ளை. என்னோடும் நீ ஒரு மாதமாகக் கதைக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கதைத்தவர், சுகமாக இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கூர் நகரத்தில் நீ வேலை செய்யும் ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, நீ அங்கே வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது என்றாள்.

உன்னை ஏசத்தான் முதலில் பேனையை எடுத்தேன். பெண்சாதியோடு ஒத்துவரவில்லை என்றால் பிள்ளையையும் விட்டுவிடுவதா, வேலை போனால் குரலும் போய்விடுமா என்று நாலு வரி எழுதினேன். என் கோபம் உனக்குத் தெரியும், எழுத்தே சரிந்து போகும். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். சொல்ல நல்லது ஒன்றும் கையில் இல்லாதபோது, நமக்காகக் காத்திருப்பவர்களிடமிருந்து ஒளிந்துகொள்வது ஒரு வியாதி. அது உனக்கு வேறு எங்கிருந்தும் தொற்றவில்லை, என்னிடமிருந்துதான் தொற்றியிருக்கிறது. அதனால் ஏசுவதை விட்டுவிட்டு, நாற்பது வருடத்துக்குக் கிட்ட மறைத்து வைத்திருக்கும் ஒன்றை உனக்கு எழுதுகிறேன்.

உன் அம்மாவின் ஆண்டுத் திவசத்தன்று நீ வந்திருந்தவர்களுக்கு முன்னால் எழுந்து கதைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "எனக்கு அப்ப ஆறு வயசு. கொழும்பில லொட்ஜில அம்மாவும் நானும் அப்பாவின்ர போனுக்குக் காத்திருந்தனாங்கள். அப்பா அண்டைக்கு விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் போஸ்ற் ஒஃபீசில நிண்டு அடிச்சவர். லைன் கிடைக்கேல்லை. எங்கட ஆக்கள் பட்ட பாடு அது" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நான் இலையில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி, அன்று நான் போஸ்ற் ஒஃபீசுக்குப் போகவே இல்லை.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்வதற்கு உனக்குக் கீரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ சிரிப்பாய், பரவாயில்லை. எண்பதுகளின் நடுவில் சுவிசுக்கு அகதியாக வந்து, பீல் நகரத்தில் ஒரு அறையில் ஐந்து பேராக இருந்தோம். வேலை செய்ய அனுமதி வந்ததும் மற்ற நாலு பேருக்கும் ரெஸ்ரோறன்ற் குசினியிலும் தொழிற்சாலையிலும் இடம் கிடைத்தது. ஊரில் சங்கக் கடை மனேச்சராக இருந்து வெள்ளைச் சேட்டில் மை படாமல் வேலை பார்த்த எனக்கு ஏரிக்கரையில் ஒரு மரக்கறித் தோட்டம் கிடைத்தது. தோட்டக்காரி பெயர் பிறேனி. என் வயதுதான் இருக்கும், புருஷன் விட்டுப் போனவர், தனியாக அந்தப் பெரிய வீட்டில் இருந்தார். சலாட் நாற்று நட்ட மறுநாளே பாதி வரிசை மொட்டையாகிவிடும். ரயில் பாதைக் கரையிலும் வாய்க்கால் அணையிலும் காட்டு முயல்கள் வளை தோண்டிக் குடும்பம் குடும்பமாக இருந்தன. அவற்றைப் பிடிக்கக் கிராமத்து அனுமதி வாங்கி வைத்திருந்தார் பிறேனி. இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர் முடியும் வரை தோட்ட வேலை குறைவு, முயல் வேலைதான்.

அதற்கு இரண்டு கீரிகளும் ஒரு நாயும் வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர்கள் அதை ஃப்ரெட்லி என்பார்கள். நம்முடைய கீரிப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள். அதே நீண்ட முதுகு, அதே துருதுருப்பு, ஆனால் ஒரு நாற்றம் இருக்கிறது, குளித்தாலும் போகாது. நான் முதல் நாளே கீரி என்று கூப்பிட்டேன், கடைசிவரை கீரிதான். முயல் வளைக்கு எத்தனை வாசல் இருக்கிறதோ அத்தனைக்கும் சுருக்குப் பை போல வலை போட்டு, முளை அடித்து, ஒரு வாசலால் கீரியை உள்ளே விடுவோம். கீரி வருகிற வாசனைக்கு முயல் குதித்து ஓடிவந்து வலைக்குள் விழும். கேட்கும்போது சுலபமாக இருக்கும். பழக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே தினமும் கையில் எடுக்க வேண்டும், தோளுக்குப் பின்னால் வளைத்துப் பிடிக்க வேண்டும், அது கடித்தால் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால் ஓடுகிற இறைச்சி என்று நினைத்து இன்னும் இறுக்கும். சாப்பாடு வைக்கும் ஒவ்வொரு முறையும் தகரப் பேணியில் மூன்று தரம் தட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் அது வளையிலிருந்து வெளியே வரும், அதுவும் தட்டிப் பழக்கினவன் தட்டினால்தான்.

நாயின் பெயர் அஸ்டா, குட்டையான சொரசொரத்த மயிர்க்காரி. அவள் கீரிக் கூட்டுக்குப் பக்கத்தில் படுத்தே வளர்ந்தவள், அதனால் கீரியைத் தொடமாட்டாள். ஒரு வளை வாசலில் மூக்கை வைத்துவிட்டு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாளானால் உள்ளே முயல் இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் போனாளானால் வெறும் வளை. வலை போட்ட பிறகு அவள் அசையாமல் கிடக்க வேண்டும், அதற்குப் பிறேனி "ப்ளீப்" என்பார். எனக்கு அந்தச் சொல் வாயில் நிற்கவில்லை, "இரு" என்றேன். ஒரு கிழமையில் பழகிவிட்டாள். இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து, உட்கார் என்பதா, நில் என்பதா என்று பிறேனி கேட்டார். உட்கார், நில், பொறு, உயிரோடு இரு, எல்லாம் அதுதான் என்று தெரிந்த ஜேர்மனில் விளக்கினேன். உங்கள் நாய்களுக்கு வேலை சுலபம் என்றார்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த பிழையை அறை நண்பர்கள் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். முயலுக்குப் போகும் நாள் காலையில் கீரிக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். பிறேனி சொன்னது எனக்கு விளங்கியும் இருந்தது. ஆனால் விடியற்காலை கூட்டைத் திறந்தால் அன்று வேலைக்குப் போக வேண்டிய கீரி பின்னங்காலில் எழுந்து நின்று என்னைப் பார்க்கிறது. நம் வீட்டில் வேலி அடைக்க வந்தவனைக்கூட ஒரு வாய் சாப்பிடாமல் வேலையில் இறங்க விடமாட்டோம். வெறும் வயிற்றோடு இதை மண்ணுக்குள் அனுப்புவதா என்று மனம் கேட்கவில்லை, ஒரு முட்டையை உடைத்துக் கோப்பைத் தட்டில் ஊற்றிக் கொடுத்தேன். நன்றாகக் குடித்தது. வளைக்குள் போனது, போனதுதான். உள்ளே கதகதப்பான இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்துவிட்டது. தகரத்தைத் தட்டித் தட்டிக் கை நொந்தது. கடைசியில் இரண்டு பேரும் மண்வெட்டி எடுத்து அணையைத் தோண்டினோம், பின்னேரம்தான் கிடைத்தது. பிறேனி என்னைத் திட்டவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே, "வயிறு நிறைஞ்சால் அது ஏன் வெளியில வரவேணும்? வெளியில அதுக்கு என்ன இருக்கு, குளிரும் நாங்களும்தானே" என்றார். அவர் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன். அன்றிலிருந்து பீலில் எனக்குக் கீரி மனேச்சர் என்று பெயர். வெள்ளிக்கிழமை நான் முயல் இறைச்சி தொடாமல் இருந்தால், "மனேச்சர், கீரிக்கும் விரதமோ?" என்பார்கள்.

சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் தம்பி, நான் மிகவும் தனியாக இருந்தேன். ஐந்து பேர் படுத்த அறையிலும் தனியாகத்தான் இருந்தேன். ஒருவன் வேலைக்குப் போகும்போது ஒருவன் வந்து படுப்பான், முகம் பார்த்துக் கதைக்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். வந்தாலும் அகதிக் கேஸ் என்ன ஆனது, யாருக்கு இங்கே இருக்க பெமிற் கிடைத்தது என்ற கதைதான். தோட்டத்தில் பிறேனியோடு ஒரு நாளைக்கு இருபது சொல் கதைத்தால் அதிகம். நான் தமிழில் முழு வசனம் கதைத்தது அஸ்டாவோடுதான். வலையைப் போட்டுவிட்டுப் புல்லில் அவளுக்குப் பக்கத்தில் கிடக்கும்போது உன்னைப் பற்றிச் சொல்வேன். அம்மாவின் கடிதத்தோடு நீ உன் கையைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து அனுப்புவாய். ஒவ்வொரு கடிதத்திலும் கை பெரிதாகிக்கொண்டு போனது. என் கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். அந்தக் கை வளர்வதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்பதை அந்த நாயைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் தலைநகர் பெர்னிலிருந்து என் அகதிக் கேசின் முடிவுக் கடிதம் வந்தது. பிறேனிதான் வாசித்து எளிய ஜேர்மனில் சொன்னார். நெகட்டிவ், நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அது எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது. இரண்டு வருடமாக நான் அம்மாவுக்கு "இன்னும் ஆறு மாதம், எல்லாம் சரிவரும், உங்களை இஞ்ச எடுப்பன்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதே கிழமை அம்மாவின் கடிதமும் வந்தது. உன் மாமா குடும்பத்தோடு மெட்ராசுக்குப் போகிறார், எங்களையும் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார், கொழும்புக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தார். "வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து லொட்ஜ் போனடியில இருப்பம். நீங்கள் ஓம் எண்டால் அண்ணையோட போறம். வேண்டாம், கெதியா எடுக்கிறன் எண்டால் ஊருக்குத் திரும்பிறம். ஆறரைக்கு ஸ்ரேசனுக்கு வெளிக்கிட வேணும். உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் தனிய முடிவெடுக்க மாட்டன்." இதுதான் அம்மா கேட்டது.

இங்கே அது காலை பதினொன்றரை. பிறேனி தன் குசினியில் இருந்த போனிலேயே எடுக்கச் சொன்னார், லொட்ஜ் நம்பரைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தார். அன்று காலை முயல் வேலை இருந்தது, பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். நான் ஏழு மணிக்குக் கீரிக் கூட்டுக்குப் போனேன். போகும்போது கோழிக்கூட்டில் இருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போனேன். தம்பி, முதல் தரம் நடந்தது இரக்கம். இது இரக்கம் இல்லை, பழக்கதோஷமும் இல்லை. முட்டை குடித்த கீரி என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தட்டில் ஊற்றி, அது நக்கி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன்.

அஸ்டா காலைத் தூக்கிக் காட்டினாள், வலை போட்டோம், கீரி உள்ளே போனது. ஒரு முயலும் வரவில்லை. பதினொன்றே காலுக்குப் பிறேனி நேரத்தைக் காட்டி, "நீ போ, நான் இருக்கிறன்" என்றார். என் தட்டுக்குத்தான் அது வரும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை, குசினி யன்னல் எனக்குத் தெரிந்தது. தேவாலய மணி பதினொன்றரை அடித்தது. பிறேனி மறுபடியும் சொன்னார். பன்னிரண்டு அடித்தது. "உன்ர மனுசி பாத்துக்கொண்டிருப்பா" என்றார். நான் தகரத்தைத் தட்டினேன், மெதுவாகத்தான் தட்டினேன். ஓம் போங்கோ என்று சொன்னால் ஏன் இங்கே எடுக்கவில்லை என்று அம்மா கேட்பார், நெகட்டிவ் என்று சொல்ல வேண்டும். ஊருக்குப் போங்கோ, எடுக்கிறன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். கடிதத்தில் எழுதிய பொய்யை வாயால் சொல்ல எனக்குத் துணிவு இல்லை, உண்மையைச் சொல்ல அதைவிடத் துணிவு இல்லை. அந்தப் பொந்துக்கு முன்னால் குந்தியிருந்தபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. நான் போக முடியாது, கீரி உள்ளே இருக்கிறது, நான் என்ன செய்ய. உண்மையில் ஆறுதலாகத்தான் இருந்தது.

கொழும்பில் ஆறரை ஆகிறபோது இங்கே இரண்டு மணி அடித்தது, அதற்குக் கொஞ்ச நேரத்தில் அது தானாக வெளியே வந்து கொட்டாவி விட்டது. பிறேனி எனக்கு முன்னால் போய் அதைத் தூக்கினார். அதன் தாடை மயிரில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் அதைப் பெருவிரலால் சுரண்டி, விரலை என் பக்கம் நீட்டிக் காட்டினார். "இண்டைக்குக் கீரியில பிழை இல்லை" என்றார். குசினிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் பார்க்க அவரே கழற்றினார். நான் அங்கே இன்னும் நாலு வருடம் வேலை செய்தேன், அந்தப் போனைப் பற்றி இருவரும் கதைத்ததில்லை.

அன்று பின்னேரமே அம்மாவுக்கு ஆறு பக்கத்தில் கடிதம் எழுதினேன். போஸ்ற் ஒஃபீஸ் கண்ணாடிக் கூண்டு, எனக்குப் பின்னால் நின்ற வரிசை, "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்று சொன்ன பெண், கால் விறைக்க நின்ற நேரம் எல்லாம் எழுதினேன். நான் காலே வைக்காத கூண்டை அவ்வளவு விபரமாக எழுதியிருந்தேன். அதைத்தான் அம்மா உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், அதைத்தான் நீ திவசத்தில் சொன்னாய்.

நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள். மாமா மெட்ராசுக்குப் போனார், அவருடைய பிள்ளைகள் அங்கே அமைதியாகப் படித்தார்கள். நம் ஊருக்கு அடுத்த வருடம் சண்டை வந்தது. பிறகு மேன்முறையீடு ஒருவழியாகச் சரிவந்து, நாலு வருடம் கழித்து நீங்கள் சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கினீர்கள். நான் உனக்கு இடப்பக்கமாக வந்து நின்று உன் பெயரைச் சொன்னேன். நீ திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், அப்போதும் திரும்பவில்லை. பிள்ளைக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். "அந்தப் பக்கம் அவனுக்குக் கேளாது, இஞ்சால வாங்கோ" என்றார் அம்மா. பள்ளிக்கூட மதிலடியில் ஷெல் விழுந்ததை அவர் எனக்கு எழுதவே இல்லை. நான் இங்கே தனியாக இருந்து கவலைப்படுவேன் என்று மறைத்துவிட்டாராம். அந்தக் காது போனது நான் கீரிக்கு முட்டை கொடுத்ததால். நீ இல்லை என்று சொல்லலாம், ஷெல் அடித்தவனைக் குற்றம் சொல்லலாம். நான் கணக்குப் பார்த்து முடித்துவிட்டேன், எனக்கு அது மாறாது.

அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ நாள் இருந்தது, ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று விட்டேன். லுசேர்ன் ஆஸ்பத்திரியில் கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் தானாகவே அந்த லொட்ஜ் கதையைத் தொடங்கினார். போன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்ததாம், நீ மூன்று மணிக்கே அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாயாம். ரயிலில் வரும்போதே அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாயாம். மணி அடிக்கும் போதெல்லாம் லொட்ஜ்காரர் எடுத்து வேறு யாரையோ கூப்பிடுவாராம். ஆறரைக்கு உன்னை முக்காலியில் இருந்து இறக்க முடியவில்லையாம். திரும்பி வரும் ரயிலில், "என்னடா அப்பாவுக்குச் சொல்ல இருந்தனி, எனக்குச் சொல்லன்" என்று கேட்டாராம். "அது அப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு, "உங்களுக்கெண்டாலும் சொன்னவனோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் உன்னை ஒருநாளும் கேட்கவில்லை, கேட்டால் அந்த நாள் பற்றிய பேச்சு வரும் என்ற பயம். இப்போது கேட்டாலும் உனக்கு மறந்திருக்கும்.

நீ கூரில் அறையைச் சாத்திக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வேலை கிடைக்கட்டும், பிள்ளை வந்து தங்க ஒரு வீடு கிடைக்கட்டும், பிறகு தலை நிமிர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறாய். நானும் பொசிற்றிவ் வரட்டும் என்று இருந்தவன்தான். நல்ல செய்தியோடு வருகிற அப்பனை எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, போன் அடிக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலை போய்விட்டது என்றால் போய்விட்டது என்று சொல். அவளுக்கு விளங்காவிட்டாலும் உன் குரல் கேட்கும். அவளுக்கும் உன்னிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.

இதை வாசித்ததும் உனக்கு என்மேல் ஆத்திரம் வரும். வர வேண்டும், நான் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. உன் ஆத்திரம் ஆற ஒரு வருடம் எடுத்தாலும் ஆறின பிறகு என்னோடு கதை, ஆறாவிட்டால் கதைக்காதே, நான் தாங்கிக்கொள்வேன். பிள்ளைக்கு இன்றைக்கே போன் எடு.

அப்பா